சேமக்காலையில் சந்தித்தவர்கள்: செபமாலை மாதம் முதல் ஆத்துமாக்கள் திருநாள் வரை

பண்டத்தரிப்புப் பக்கத்திலிருந்து:

ஐப்பசியில் முதல் மழை விழுந்துவிட்டால் யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்தில் ஒருவரையும் வீட்டில் பிடிக்க முடியாது. விடிய வயல், வெயில் ஏற மிளகாய்க் கன்றும் புகையிலை நாற்றுமேடையும், பின்னேரம் ஆறு மணிக்குத் திரிகால மணி கேட்டதும் கிணற்றடியில் காலைக் கழுவிக்கொண்டு செபமாலைக்கு ஓட்டம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இலை சிவக்கிறது, உதிர்கிறது என்று படம் அனுப்புகிறார்கள். எங்களுக்கு அப்படி ஒரு காலம் இல்லை. சோளகம் ஓய்ந்து வாடை தொடங்கும், காய்ந்து கிடந்த வழுக்கையாற்றில் தண்ணீர் ஓடும், கிணறு ஒவ்வொரு படியாக ஏறும். ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதத்துக்குள் கொட்டிவிடும். நிலத்துக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக் கல், அதுதான் எங்கள் தண்ணீர்த் தொட்டி. இப்போது நிரம்பினால்தான் அடுத்த ஆவணி வரை குடிக்கலாம்.

புரட்டாசியில் புழுதியிலேயே விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு இருப்போம். மழை ஒரு கிழமை பிந்தினால் குருவியும் எறும்பும் பாதியைக் கொண்டுபோய்விடும். முந்தி அடித்து ஊற்றினால் விதை அழுகிவிடும். போன முறை நான் எட்டுப் பரப்பில் மொட்டைக்கறுப்பன் போட்டேன். முளை பச்சையாகத் தெரிந்த அன்று பின்னேரம் எங்கள் வட்டாரத்துக்கு மாதா சுரூபம் (சிலை) வந்தது. முளைக்கட்டும் என்று ஒருவரும் தனியாக மன்றாடவில்லை, ஆனால் மன்றாட்டு மாலையில் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சொல்லும்போது பக்கத்தில் இருந்த கமக்காரர்களின் குரல் அன்று கொஞ்சம் கூடக் கேட்டதைக் கவனித்தேன்.

செபமாலை வீடு வீடாகப் போவது இந்த மண்ணில் இன்று நேற்றுத் தொடங்கியது இல்லை. 1687இல் ஒல்லாந்தர் காலத்தில் யோசேப் வாஸ் அடிகளார் இலங்கைக்கு வந்தபோது கத்தோலிக்கப் பூசைக்குத் தடை, குருக்கள் யாரும் இல்லை. அவர் கூலியாள் வேடத்தில் கழுத்தில் ஒரு செபமாலையைப் போட்டுக்கொண்டு யாழ்ப்பாணத்து வாசல்களில் பிச்சை கேட்டுப் போனார். செபமாலையைக் கண்டு எந்த முகம் மாறுகிறதோ அந்த வீடு எங்கள் வீடு என்று தெரிந்துகொள்வாராம். பிறகு சில்லாலையில் தங்கியிருந்துதான் சுற்றுக் கிராமங்களுக்கு இரவிரவாகப் போய்வந்தார். 2015 தை மாதம் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்த அன்று எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் முப்பது பேர் இருந்தார்கள். சில்லாலைப் பரியாரிமார் (நாட்டு வைத்தியர்கள்) குடும்பத்தில் ஒரு கிழவர், "எங்கட படலைக்கு வந்தவர் அவர்" என்று நேற்று நடந்ததுபோலச் சொன்னார். அந்தப் படலைகள் வழியாகத்தான் நாங்கள் இப்போதும் ஒக்டோபர் முழுக்கச் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு போகிறோம். முடிந்தபிறகு அவித்த கடலையோ கௌபியோ, பனங்கட்டியோடு ஒரு பிளேன் ரீ. அந்த அரை மணி நேரத்தில்தான் ஊர்க் கதை எல்லாம் நடக்கும்: ஆருடைய லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் நாளைக்குக் கிடைக்கும், ஆருக்கு நாற்று மிச்சம், ஆருக்குச் சுகமில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது ஒரு சந்திப்பைப் பற்றி.

செபமாலை மாதம் முடியும் கிழமை சேமக்காலையை (கல்லறைத் தோட்டத்தை) துப்பரவாக்குவது எங்கள் வழக்கம். நவம்பர் 2, இறந்தவர்களை நினைத்துச் செபிக்கும் ஆத்துமாக்கள் திருநாள். அதற்கு முதல் ஆளுக்கொரு உழவாரத்தோடு போய்ப் புல்லைச் செருக்கி, கல்லறைகளைத் தும்புத்தடியால் உரஞ்சி, சுண்ணாம்பு அடிப்போம். சுண்ணாம்புக்குள் உடுப்புக்குப் போடும் நீலம் இரண்டு துளி விட்டால்தான் வெள்ளை எழும்பும், இது என் அப்புவிடம் படித்தது. மழைக்காலத்தில் சுண்ணாம்பு அடிப்பதென்பது மழையோடு போட்டி. இரண்டு மணி நேரம் வெயில் கிடைத்தால் தப்பியது, கிடைக்காவிட்டால் வெள்ளை எல்லாம் மண்ணில் ஓடிவிடும், அடுத்த நாள் திரும்ப அடிக்க வேண்டும்.

இரண்டு வருடங்களுக்கு முன்னர் அப்படி ஒரு பின்னேரம், எல்லோரும் போய்விட்டார்கள், நான் வாளி கழுவிக்கொண்டு நின்றேன். பின்மூலையில், பூவரசு நிற்கும் பக்கம், ஒரு ஆச்சி குந்தி இருந்தார். பக்கத்தில் ஒரு கடகம். கடகம் நிறைய வெறும் ஜாம் போத்தல்கள். ஒவ்வொரு போத்தலையும் சீலைத் தலைப்பால் துடைத்து, அடியில் ஒரு பிடி மணல் போட்டு, மணலில் அரைத் துண்டு மெழுகுதிரியைக் குத்தி, ஒரு கல்லறையில் ஒரு போத்தலாக வைத்துக்கொண்டு போனார். அந்தப் பக்கம் முழுக்க ஆள் இல்லாத கல்லறைகள். குடும்பம் கனடாவிலோ லண்டனிலோ, சிலது எங்கே என்றே தெரியாது.

"இதெல்லாம் உங்கட ஆக்களோ ஆச்சி?" என்று கேட்டேன்.

"இல்லை மோனை. ஆற்றையெண்டு எனக்குத் தெரியாது" என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். 1995 ஒக்டோபர் 30, சண்டைக்குப் பயந்து ஊரோடு இடம்பெயர்ந்த அன்று, அவருடைய தாயைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனார்களாம். அன்று இரவு மழை. செம்மணி வெளியிலிருந்து நாவற்குழிப் பாலம் வரை அடி வைக்க இடமில்லாமல் சனம். எனக்கு அப்போது பதினொரு வயது, அந்த வழியில் நானும் தலையில் ஒரு பாயோடு நின்றவன், அதனால் அவர் சொல்லச் சொல்ல எனக்குத் திரும்ப நனைந்ததுபோல இருந்தது. தாய் தென்மராட்சி போய்ச் சேர்ந்து ஐந்தாம் நாள் போய்விட்டார். மிருசுவில் பக்கம் ஒரு சேமக்காலையில் அடக்கம் செய்தார்கள். பெட்டிக்குப் பலகை தேட ஒரு பகல் போனதாம். அடுத்த சித்திரையில் ஊருக்குத் திரும்பினார்கள், பிறகு போர், பாதை அடைப்பு. கடைசியாக அங்கே போய்ப் பார்த்தபோது எந்த இடம் என்று அடையாளம் தெரியவில்லை.

"என்ர அம்மாவுக்கு அங்க ஆரோ ஒரு திரி கொளுத்துவினம். நான் இஞ்ச ஆற்றையோ அம்மாவுக்குக் கொளுத்துறன்" என்றார். அழவில்லை. சொல்லிவிட்டு அடுத்த போத்தலைத் துடைத்தார்.

போத்தல் ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை. தொண்ணூறுகளில் மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெய் கிடைப்பதும் அரிது. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, ஒரு மூடி எண்ணெய், சைக்கிள் வால்வுக் கட்டைக்குள் ஒரு திரி. அந்த வெளிச்சத்தில்தான் நாங்கள் ஐந்தாம் ஆண்டுச் சோதனைக்குப் படித்தோம், அந்த வெளிச்சத்தில்தான் செபமாலை சொன்னோம். வாடைக்காற்று எவ்வளவு அடித்தாலும் போத்தலுக்குள் சுடர் அணையாது. விலை கூடிய பிளாஸ்டிக் பூவும் மாபிளும் வைத்த கல்லறைகளில் எங்கள் மெழுகுதிரிகள் ஆத்துமாக்கள் திருநாள் இரவு பத்து நிமிடத்தில் அணைந்துபோயின. பூவரசுப் பக்கம் மட்டும் பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்குப் போகும் வரைக்கும் எரிந்தது.

உங்கள் ஊர்களில் இந்த இரண்டு மாதத்தில் நீங்கள் சந்தித்த ஒருவரைப் பற்றி எழுதுங்கள். பெயர் வேண்டாம்.


குருநகரிலிருந்து:

அண்ணை, எங்களுக்கு வயல் இல்லை, பரவைக்கடல்தான் வயல். ஆனால் மாதம் அதே மாதம்தான். மழைத் தண்ணீர் ஏரிக்குள் இறங்கி உப்புக் குறைந்ததும் இறால் ஓடத் தொடங்கும். சிறகுவலைக்காரருக்கு இதுதான் காலம். இரவு முழுக்க இடுப்பளவு தண்ணீரில் நின்று, குளிரில் பல் கிட்டி, விடிய வந்து இறாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்படியே பூசைக்குப் போகிற பொடியன்கள் இருக்கிறார்கள். கோயில் கடைசி வாங்கில் நித்திரையாகிப் போவார்கள். சுவாமி கண்டும் காணாததுபோலப் போவார். அது சரிதான் என்று நினைக்கிறேன், அவர்கள் வந்து இருப்பதே பெரிய விஷயம். வெளிக்கடல் தொழில் செய்கிறவர்களுக்கு இது கஷ்ட காலம், வாடையில் வடகடல் பொங்கும், பல நாள் வள்ளம் கரையில்தான். வலை பொத்திக்கொண்டு இருப்பார்கள், கடன் ஏறும்.

நான் சொல்ல வந்த ஆள் கத்தோலிக்கர் இல்லை. சைவக்காரர், இப்போது எழுபத்தைந்து வயதுக்கு மேல். ஒவ்வொரு நவம்பர் 2ஆம் திகதியும் பின்னேரம் எங்கள் சேமக்காலைக்கு வருவார், நெற்றியில் திருநீறோடு. நடுவில் இருக்கும் பெரிய சிலுவையடியில் ஒரு சிட்டி விளக்கு வைத்து நல்லெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அவரைப் பார்த்திருக்கிறேன், ஆனால் கதைத்தது நான் கலியாணம் கட்டிய பிறகுதான்.

அவருடைய தமையன் எங்கள் ஆட்களோடு தொழிலுக்குப் போனவர். 1964 மார்கழிப் புயல், தனுஷ்கோடியைக் கொண்டுபோன அதே புயல். அதில் வள்ளத்தோடு போனவர்கள் திரும்பவில்லை. உடல் கிடைக்கவில்லை. கடலில் போனவர்களுக்குக் கல்லறை இல்லை, அதனால் எங்கள் ஊரில் அவர்களுக்கு என்று வைக்கிற மெழுகுதிரி எல்லாம் அந்த நடுச் சிலுவையடிக்குத்தான் போகும். அந்தப் புயலுக்கு அடுத்த ஆண்டு ஒரு அம்மா, தன்னுடைய மகனை அதே வள்ளத்தில் இழந்தவர், இவரைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து, "உன்ர அண்ணனும் என்ர பிள்ளையும் ஒண்டாத்தான் போனவை, ஒண்டாத்தான் கொளுத்த வேணும்" என்றாராம். அன்றிலிருந்து வருகிறார். அந்த அம்மா செத்தும் நாற்பது வருடம் ஆகிவிட்டது. அவருக்கும் சேர்த்து இப்போது இரண்டு விளக்கு.

அதற்குப் பிறகு வரும் கார்த்திகை விளக்கீட்டுக்கு அவருடைய வீட்டு வாசலில் வாழைக்குற்றியில் பந்தம் எரியும்போது என் மகள் போய் நின்று பார்ப்பாள். போன முறை அவர் இரண்டு சிட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டார், வீட்டில் வைக்கச் சொல்லி. நாங்கள் மாதா படத்துக்கு முன்னால் வைத்தோம்.


இளவாலையிலிருந்து:

நான் படிப்பிக்கிறவள். என் அனுபவம் சின்னது, ஆனால் இந்த மாதம் வந்தாலே ஞாபகம் வருகிறது.

எங்கள் வீட்டுக் கோடியில் பனங்கொட்டைப் பாத்தி போடுவோம். ஆடி ஆவணியில் விழுந்த பழத்தில் பனாட்டுக்குப் பிழிந்தது போகக் கொட்டைகளைச் சேர்த்து, மணலைக் குவித்து, புரட்டாசியில் அடுக்கி மூடிவிட்டால் மிச்சம் மழை பார்த்துக்கொள்ளும், மார்கழி தையில் கிழங்கு கிண்டலாம். போன வருடம் அடுக்க ஆள் இல்லை. எங்கள் வீட்டில் செபமாலை நடந்த அன்று பத்துப் பன்னிரண்டு சிறுவர்கள் கடலைக்காக முன்னுக்கு வந்து இருந்தார்கள், வாய் மட்டும் "அருள் நிறைந்த மரியே", கண் முழுக்கச் சுளகில். முடிந்ததும் அவர்களில் ஒருவன், பத்து வயதிருக்கும், குடும்பம் அகதி முகாமில் நீண்ட காலம் இருந்துவிட்டு இராணுவத்திடமிருந்து விடுபட்ட காணிக்குத் திரும்பி வந்தவர்கள், கோடிப்பக்கம் குவிந்து கிடந்த கொட்டையைப் பார்த்துவிட்டு "ரீச்சர், உதை என்ன செய்யிறது?" என்று கேட்டான். பனங்காட்டு ஊரில் பிறக்க வேண்டிய பிள்ளை, பாத்தி போடுவதை அவன் கண்டதே இல்லை. எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்தது.

அடுத்த நாள் சனிக்கிழமை. அவனும் இன்னும் நாலு பேரும் வந்தார்கள். முளை வரும் பக்கம் எது என்று காட்டிக் கொடுத்தேன், நெருக்கி அடுக்கப் பழக்கினேன். ஒவ்வொரு வரிசைக்கும் எண்ணும்போது அவன் பத்து வந்ததும் நின்று "பிதாவுக்கும் சுதனுக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்தைத் தொடங்கினான். விளையாட்டாக இல்லை. முதல் நாள் கேட்டதை அப்படியே கொண்டுவந்துவிட்டான். ஐந்து வரிசையும் அப்படித்தான் முடிந்தது.

தோலகட்டி ஆச்சிரமத்தில் செபமாலைதாசர் சபைத் துறவிகளும் இப்படித்தான், வேலையும் செபமும் கலந்துதான். 1928இல் தோமஸ் அடிகளார் அதைத் தொடங்கினார். நெல்லி ரசம் என்றாலே யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதைப் பிழிகிற கைகள் இராப் பகலாக முறை வைத்துச் செபமாலை சொல்லும் கைகள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். போர் அவர்களையும் அந்த மண்ணிலிருந்து எழுப்பியது.

தை மாதம் கிழங்கு கிண்டியபோது அவனுக்கு ஒரு கட்டுக் கொடுத்தேன். தாய் அவித்துவிட்டு எனக்கே பாதியைத் திருப்பி அனுப்பியிருந்தார்.


பாரிசிலிருந்து:

வாசித்துக்கொண்டு மெட்ரோவில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டேன்.

இங்கே நவம்பர் 1 அரசாங்க விடுமுறை. சகல புனிதர்கள் திருநாள்தான், ஆனால் சனம் சேமக்காலைக்குப் போவது அன்றைக்குத்தான், அடுத்த நாள் வேலை என்பதால். கிழமைக்கு முதலே கடை வாசல் எல்லாம் செவ்வந்திச் சாடிகள் நிறைந்துவிடும், மஞ்சளும் ஊதாவுமாக. நான் வந்த முதல் வருடம் எனக்கு அது தெரியாது. கூட வேலை செய்யும் ஒருத்தி வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். எங்கள் ஊரில் செவ்வந்தி சுவாமிக்கும் வைப்போம், சடங்கு வீட்டுக்கும் வைப்போம். அழகாக இருக்கிறது என்று பெரிய சாடியாக ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தது அவளுடைய தாய். சாடியைக் கண்டதும் அந்த மனிசியின் முகம் அப்படியே வெளிறிவிட்டது. இங்கே செவ்வந்தி செத்தவர்களுக்கு மட்டும்தான் என்று பிறகு அவள் சமையலறையில் வைத்து மெதுவாகச் சொன்னாள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

அந்தத் தாய்தான் பிறகு வந்து என் பக்கத்தில் இருந்தார். எனக்குப் பாதி பாஷைதான் விளங்கும். உன் ஆட்கள் எங்கே அடக்கம் என்று கேட்டார், யாழ்ப்பாணம் என்றேன். அங்கே யார் பூ வைப்பார்கள் என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த நாள் காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு அந்தச் சாடியோடு அவருடைய கணவரின் கல்லறைக்குப் போனார். வழி முழுக்க இலை விழுந்து ஈரமாகக் கிடந்தது, கால் வழுக்கும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பூவைக் கல்லறையில் வைத்தபிறகு, உன் பாட்டிக்கும் இதில் பங்கு இருக்கிறது என்றார். அந்த ஒரு வசனம் எனக்கு முழுதாக விளங்கியது.

பண்டத்தரிப்பு அண்ணா, ஒரு உதவி கேட்கலாமா? என் அம்மம்மாவின் கல்லறை உங்கள் சேமக்காலையில்தான் இருக்க வேண்டும். வருடா வருடம் பெயின்ட் அடிக்கச் சொல்லி ஒருவருக்குக் காசு அனுப்பினோம், அடித்தாரா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது, கேட்டால் மழை என்பார். சீமெந்துச் சிலுவை, அடியில் நீல நிறச் சிப்பி ஒன்று பதித்திருக்கும், என் மாமா சின்ன வயதில் மாதகல் கரையில் பொறுக்கிப் பதித்தது. நீங்கள் சொன்ன அந்தப் பூவரசுப் பக்கம்தான் என்று நினைக்கிறேன்.


பண்டத்தரிப்புப் பக்கத்திலிருந்து:

தங்கச்சி, இன்றைக்கு விடியப் போய்ப் பார்த்தேன். இருக்கிறது. பூவரசிலிருந்து மூன்றாவது. சிப்பி இருக்கிறது, நிறம்தான் வெளுத்துவிட்டது. பாசியைச் சுரண்டின பிறகுதான் தெரிந்தது.

சுண்ணாம்பு பல வருடமாக அடிக்கவில்லை, அதை உங்களுக்கு ஒளிக்க விரும்பவில்லை. பெயர் வாசிக்க முடிகிறது, ஆண்டு பாதி போய்விட்டது. சிலுவை தெற்குப் பக்கம் சரிந்திருக்கிறது, காற்றால் இல்லை, பூவரசு வேர் அடியில் போய்த் தூக்கியிருக்கிறது. ஒரு ஆளால் நிமிர்த்த ஏலாது. சனிக்கிழமை காலைப் பூசை முடிய இளைஞர் மன்றப் பொடியன்கள் நாலு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், என்னிடம் அரைப் பை சீமெந்து இருக்கிறது, காசு ஒன்றும் அனுப்ப வேண்டாம். மழை விட்டால் அன்றைக்கே வெள்ளையும் அடிக்கலாம். 2ஆம் திகதி தவறினாலும் பரவாயில்லை, 8ஆம் திகதி வரைக்கும் சேமக்காலையைச் சந்தித்துச் செபித்தால் ஆத்துமாக்களுக்குப் பரிபூரண பலன் உண்டு, எங்கள் ஊரில் அந்த எட்டு நாளும் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள்.

ஆச்சியையும் கண்டேன். இந்த முறை போத்தல் போதவில்லையாம், எங்கள் வீட்டிலிருந்து ஏழு கொண்டுபோய்க் கொடுத்தேன். குருநகர்த் தம்பியின் கதையை அவருக்குச் சொன்னேன். "அப்ப அந்த மனிசனுக்கும் ஒரு போத்தல் குடுத்துவிடு, சிட்டி காத்துக்கு நூந்துபோம்" என்றார். தம்பி, யாராவது பட்டணம் வரும்போது கொடுத்துவிடுகிறேன்.

தங்கச்சி, ஒன்று மட்டும் நீங்கள் சொல்ல வேண்டும். வேரை வெட்டினால் சிலுவை அதே இடத்தில் நிற்கும், ஆனால் அந்த மரம்தான் அந்த மூலைக்கே நிழல், பட்டுப்போனாலும் போய்விடும். வெட்டாமல் சிலுவையை ஒரு முழம் முன்னுக்குத் தள்ளி நாட்டலாம். மாமாவிடம் கேட்டு வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.